போணிச் சிப்பாய்

வருஷா வருஷம் என்னை மைக்கில் வைத்துத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாளும் செஸ் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தது கிடையாது. உட்கார்ந்தது எங்கள் வீட்டு ஆள். பெயர் போனது எனக்கு.

விஷயம் இதுதான். கோவில்பட்டி பஜாரில் எங்கள் பாத்திரக்கடைக்கு ‘மெஹராஜ் மெட்டல்ஸ்’ என்று பெயர். கல்யாணம் ஆன புதிதில், பிரியம் பொங்கி வழிந்த நேரத்தில், என் கணவர் அப்துல் ரஹ்மான் தன் பெயரை விட்டுவிட்டு என் பெயரைப் போர்டில் எழுதினார். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது. ஆனால் எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் ஆண்டு விழாவுக்குச் செஸ் போட்டி ஒன்று வைக்கிறார்கள். ஆளுக்கு ஐந்தே நிமிடம். காயை நகர்த்தியதும் கடிகாரத்தைத் தட்ட வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தால் நேரம் தீர்ந்து தோற்க வேண்டியதுதான். கடைக்கு ஒருவர் ஆடலாம். ஆடுகிறவர் பெயரை யாரும் சொல்வதில்லை, கடைப் பெயரைத்தான் சொல்வார்கள். அதனால் விழாப் பந்தலிலிருந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி, ஒரு குரல் வெகு சந்தோஷமாக அறிவிக்கும்: “மெஹராஜ், முதல் சுற்றிலேயே அவுட்.” நான் வீட்டில் பருப்புக் கடைந்துகொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு முத்துசெல்வி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, என்னக்கா, இந்த வருஷமும் போயிட்டீங்களா என்று கேட்பாள்.

எப்படி இருக்கும் எனக்கு?

அவருக்கு ஆடத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத வெயில் நேரத்தில், எதிரே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற தேவஆசீர்வாதம் அண்ணாச்சியோடு தினமும் ஆடுகிறவர்தான். ஆட்டம் பாதி தாண்டிவிட்டால் அவரை அசைக்க முடியாது. தொடக்கத்தில்தான் எல்லாம் நாசமாகும். அதற்குக் காரணம் போணி.

என் கணவர் போணி பார்க்கிற மனுஷன். காலையில் கடைக்கு முதலில் வருகிறவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மாட்டார். பாதி விலைக்குக் கேட்டாலும் முனகிக்கொண்டே கொடுத்துவிடுவார். முதலில் வருவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் படுத்துக்கொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை. கடையில் அது சரி, பஜாரில் பாதிப் பேர் அப்படித்தான். இவர் செஸ் பலகையிலும் போணி பார்ப்பார். ஆட்டத்தில் முதன்முதலாக எதிராளி எதை வெட்டக் கொடுத்தாலும் கை தானாகப் போய் வெட்டிவிடும்.

செஸ் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொடங்கியதுமே ஒரு சிப்பாயை வேண்டுமென்றே வெட்டக் கொடுப்பது ஒரு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்குகிற ஒரு முறை. எதிராளி ஆசையாக அதை வெட்டிக்கொண்டிருக்கும்போது நாம் நம்முடைய பெரிய காய்களை வெளியே இறக்கி அவருடைய ராஜாவைத் துரத்தலாம். அதற்கு கிங்ஸ் கேம்பிட் என்று பெயராம். எங்கள் பஜாரில் அதற்குப் பெயர் ‘பாய் போணி’. இவர் பெயரில் ஒரு ஓப்பனிங்கே உண்டாகிவிட்டது, அந்த அளவுக்குப் புகழ். குதிரை எத்தனை கட்டம் தாண்டும் என்று இன்றைக்கும் சந்தேகம் கேட்கிற வெல்லக்கடை பரமசிவன்கூட, போன வருஷம் ஒரு சிப்பாயை நீட்டியே இவரைச் சுருட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து, பந்தலில் காற்று சரியில்லை, பலகை ஆடுகிறது என்றார் இவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

நான் எப்படி ஆடக் கற்றேன் என்று கேட்பீர்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகிறவள் நான்தானே. இவர்கள் இருவரும் ஆடி முடிக்கும்வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். பார்க்கப் பார்க்க வந்துவிட்டது. அப்புறம் மதுரையில் படிக்கிற என் மகள் அப்சானா என் போனில் செஸ் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள். சோறு வடிகிற நேரத்தில் எந்த ஊர் ஆளோ, யாரோ, நாலு பேரை ஜெயித்துவிட்டுத்தான் கஞ்சியை எடுத்து வைப்பேன்.

இந்த வருஷம் போட்டி அறிவிப்பு வந்ததும் நான் சொல்லிவிட்டேன், நான்தான் ஆடப்போகிறேன் என்று. இவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். வருஷம் பூராவும் கடையில் கிடக்கிறவன் நான், எனக்கென்று இருப்பது அந்த ஒரு நாள், ஒரு தடவையாவது மைக்கில் ‘மெஹராஜ் வெற்றி’ என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்றார். அது ஒன்றும் பொய்யில்லை. அந்த ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் எனக்கும் ஒன்று இருந்தது.

“ஜெயிக்கதுன்னா நீங்க ஜெயிங்க, தோக்கதுன்னா நான் தோக்கணுமா? என் பேரு தோக்கணும்னா நானே தோத்துக்கிடுதேன். அதுக்கு நீங்க எதுக்கு?”

உடனே அப்சானாவுக்குப் போன் போட்டார். அவள், எதற்கு வாய்ச் சண்டை, இரண்டு பேரும் ஒரே ஒரு ஐந்து நிமிட ஆட்டம் ஆடுங்கள், ஜெயிக்கிறவர் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். இருவரும் ஒப்புக்கொண்டோம். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பாய் போணி இருக்கும்போது என்ன கவலை? சிப்பாயைக் கொடுப்பேன், இவர் வெட்டுவார், அதன் பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மனப்பாடம்.

ஆனால் என் மகள் லேசுப்பட்டவளா? மறுநாள் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போகிறேன், இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். “தொடக் கூடாது. அம்மா குடுத்தாலும் தொடக் கூடாது. சரிம்மா” என்று பாடம் ஒப்பிக்கிறார். வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டிக்கூடப் பழகுகிறார். அத்தாவுக்குப் பாடம் எடுக்கிறாளாம் பெற்ற மகள். கொடியில் கிடந்த துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

இவர் சிப்பாயைத் தொடவில்லை என்றால் நான் தீர்ந்தேன். எனக்கு அவர் வெட்டினால் என்ன செய்வது என்றுதான் தெரியும். வெட்டாவிட்டால் ஆட்டம் நீளும், நீண்டால் அவர்தான் ஜெயிப்பார். அப்புறம் பந்தல், மைக், அவுட், சுவருக்கு அந்தப் பக்கம் முத்துசெல்வி.

அடுப்படியில் நின்று யோசித்தேன். வீட்டில் உட்கார்ந்தால் அவர் புருஷன், வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்வார். கடையில், அதுவும் போணி ஆகாத கடையில், அவர் வியாபாரி. அங்கே அவருக்கு மகள் சொன்னதும் நினைவு வராது, நான் சொன்னதும் நினைவு வராது. ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னேன், பெயர் கொடுக்க நாளைதான் கடைசி, காலையில் கடை திறந்ததும் அங்கேயே ஆடிவிடலாம், தேவஆசீர்வாதம் அண்ணாச்சி சாட்சிக்கு இருப்பார் என்று. நல்ல யோசனை என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார் பாவம்.

காலையில் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டார். கல்யாண அண்டா ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் பலகையை வைத்தோம். அப்சானா ஏற்றிக் கொடுத்த கடிகாரம் என் போனில் இருந்தது. திரையில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. தேவஆசீர்வாதம் அண்ணாச்சி தன் கடையைத் திறந்த கையோடு டீயும் கையுமாக வந்துவிட்டார். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு சிப்பாய்களை முதுகுக்குப் பின்னால் மறைத்து நீட்டினார். எனக்கு வெள்ளை வந்தது.

ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவரும் அப்படியே தள்ளினார். அடுத்து, என் சிப்பாய்க்கு வலப்பக்கம் இருந்ததையும் இரண்டு கட்டம் தள்ளி, அவருடைய சிப்பாய் மூலைவாட்டத்தில் வெட்டுவதற்குத் தோதாக நிறுத்தினேன். போனைத் தட்டினேன். அவர் நேரம் ஓட ஆரம்பித்தது.

கை பாய்ந்து வந்தது. சிப்பாய்க்கு மேலே வந்து நின்றது. தொட்டுவிட்டால் ஆடியே ஆக வேண்டும், அதுதான் சட்டம். தொடவில்லை. மகள் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது போலும், கையை மடியில் வைத்துக்கொண்டார். வேறு காயைத் தொடப் போனவர் அப்படியே நின்று, கல்லாவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னும் போணி ஆகலயே” என்றார்.

“ஆமா, ஆகலதான்” என்றேன் நான், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எதற்காகக் கடை, எதற்காகக் காலை நேரம் என்று எல்லாம் புரிந்தது. வெட்டினால் தோல்வி, மகள் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறாள். வெட்டாவிட்டால் போணியைத் தள்ளிய பாவம். இரண்டுக்கும் நடுவில் மனுஷன் உட்கார்ந்தார், நேரம் ஓடியது. தேவஆசீர்வாதம் அண்ணாச்சி டீயை உறிஞ்சிக்கொண்டே, பாய், சிப்பாய் எங்கேயும் ஓடாது, நேரம்தான் ஓடுது என்று எடுத்துக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்கு ஆள் வந்தது. கயத்தாறுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய அழகிரிசாமி என்று ஒருவர், கூடவே அவர் மனைவி. மகள் வீட்டுப் பால் காய்ப்புக்கு ஒரு இட்லிக் கொப்பரை வேண்டுமாம்.

பெருநாள் பிறையைக் கண்ட மாதிரி இவர் முகம் மலர்ந்தது. ஏன் மலராது? கொப்பரை விற்றுவிட்டால் போணி முடிந்தது. அதன் பிறகு என் சிப்பாய் வெறும் சிப்பாய்தான். தைரியமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆடிக்கொண்டே போகலாம். துள்ளி எழுந்து, இருப்பதிலேயே கனமான கொப்பரையை இறக்கினார். விலையைக் கேட்டதும் ஒன்று சொன்னார் பாருங்கள், அது நாங்கள் வாங்கிய விலைகூட இல்லை.

அழகிரிசாமி திடுக்கிட்டுப் போனார். பேரம் பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாயைத் தீட்டிக்கொண்டு வந்த ஆள் அவர், பார்த்தாலே தெரிந்தது. சும்மா சோதித்துப் பார்க்க இன்னும் குறைத்துக் கேட்டார். எடுத்துக்கோங்க என்றார் இவர். அவ்வளவுதான், அழகிரிசாமி கொப்பரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார். பெண்டாட்டியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். இவரோ அண்டா மேல் இருந்த போனை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, நீங்கள் சொல்கிற விலைக்கே கொண்டுபோங்கள் அண்ணாச்சி, பையில் போடட்டுமா என்று பறந்தார்.

“இம்புட்டு அவசரமா எதுக்குத் தள்ளிவிடப் பாக்குதீங்க?” என்று கேட்டார் அழகிரிசாமி.

இவருக்குப் பொய் சொல்ல வராது. இந்த அண்டா மேல் ஒரு சிப்பாய் நிற்கிறது, அதை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் இதை விற்றாக வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அழகிரிசாமி அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கொப்பரையை ரொம்ப மரியாதையாகக் கீழே வைத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எரிந்தது. நான் எழுந்து போய், இது நல்ல சரக்குக்கா, சரியான விலை இன்னது, இதற்குக் குறையாது என்று இரண்டு வார்த்தை கறாராகச் சொல்லியிருந்தால் அவர்கள் நிம்மதியாகப் பேரம் பேசி வாங்கிப் போயிருப்பார்கள். சொன்னால் போணி ஆகிவிடும். ஆனால் என் ஆட்டம் போய்விடும். கடையும் என் பெயர்தான், பலகையில் நிற்பதும் என் பெயர்தான். எதை விடுவது? புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இன்னும் இரண்டு கடை பார்த்துவிட்டு வருகிறோம் என்று படியிறங்கினார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் யார் திரும்பி வந்திருக்கிறார்கள்? அந்தக் கடையில் போணிக்கு வந்த ஆள் வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை.

இவர் மெதுவாக வந்து அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். போனில் கொஞ்ச நேரம்தான் மிச்சம் இருந்தது. சிப்பாயைப் பார்த்தார். கையை நீட்டவில்லை, வேறு காயையும் தொடவில்லை.

எனக்கே பொறுக்கவில்லை. “அதான் அப்சானா சொல்லிக் குடுத்திருக்காளே. வேண்டாம்னு தள்ளிட்டு ஆட வேண்டியதுதான?” என்றேன்.

“பரமசிவன் குடுத்தா தள்ளிருவேன், பிள்ள. இந்தத் தடவ தள்ளிருப்பேன்” என்றார். “இது இத்தன வருசத்துல நீ மொத மொத என் முன்னால வந்து ஒக்காந்து குடுத்தது. வாங்குனா தோத்துருவேன்னு தெரியுது. இருந்தாலும் இத எப்படி வேண்டாம்னு சொல்லுததுன்னுதான் பாக்குதேன்.”

தேவஆசீர்வாதம் அண்ணாச்சி டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். போன் கீச்சென்று கத்தியது. அவர் பக்கத்துத் திரை சிவந்துவிட்டது. பலகையில் காய்கள் அப்படி அப்படியே நின்றன. ஒருவருக்கும் ஒன்றும் வெட்டுப்படவில்லை.

ஒரே ஒரு நகர்த்தல் ஆடிவிட்டு ஐந்து நிமிடத்தையும் தின்று தோற்ற ஆள் உலகத்திலேயே பாய் ஒருத்தராகத்தான் இருக்கும் என்றார் அண்ணாச்சி. நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஜெயித்தவள் நான். ஆனாலும் இன்னொரு ஆட்டம் போடலாமா, வீட்டில் வைத்து என்று கேட்டேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகு, இனி தோற்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, நிதானமாகக் கையை நீட்டித் தன் சிப்பாயால் என் சிப்பாயை வெட்டினார். வெட்டியதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முதல் ரூபாயை ஒற்றிக்கொள்கிற மாதிரியே அதைக் கண்ணில் ஒற்றி, கல்லாப் பெட்டியைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

“போணி ஆயிட்டு” என்றார். அதே கையோடு சங்கத்துக்குப் போன் போட்டு, மெஹராஜ் மெட்டல்ஸ் சார்பாக ஆடுவது மெஹராஜ் பேகம் என்று சொன்னார்.

அன்றைக்கு வியாபாரம் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்லப் போவதில்லை. அந்தச் சிப்பாய் இன்னும் கல்லாவுக்குள்தான் கிடக்கிறது. அந்தப் பலகையில் அதன் இடத்தில் ஒரு சோடா மூடியை வைத்து ஆடுகிறோம்.

விழா அன்றைக்குப் பந்தலில் எனக்கு முதல் சுற்றில் வாய்த்தவர் வெல்லக்கடை பரமசிவன். அவருக்கு வெள்ளை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் கணவரும், அவர் பக்கத்தில் மதுரையிலிருந்து வந்திருந்த அப்சானாவும் நின்றார்கள். பரமசிவன் ஒரு சிப்பாயைத் தள்ளினார், நானும் தள்ளினேன். உடனே இரண்டாவதைத் தள்ளி என் வாய்க்கு நேராக வைத்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. மெஹராஜ் மெட்டல்ஸ் என்று போட்டிருக்கிறதே, யாருக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்திருப்பார். அப்சானா தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினாள். எனக்கா தெரியாது? இந்த ஓப்பனிங்கை வைத்து ஒரு நல்ல மனுஷனை உட்கார்ந்த இடத்திலேயே தோற்கடித்தவள் நான். தொடக் கூடாது, வேறு காயை நகர்த்து என்று எனக்கு நானே சொன்னேன்.

ஆனால் என் வாழ்க்கையில் பந்தலில் உட்கார்ந்து ஆடுகிற முதல் ஆட்டம் அது. அதில் முதன்முதலாக ஒன்று வருகிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். என் கை தானாகப் போய் அந்தச் சிப்பாயை எடுத்துவிட்டது.

பரமசிவன் அப்புறம் என் ராஜாவைப் பந்தலெல்லாம் துரத்தினார். கொஞ்ச நேரத்தில் முடிந்தது. இவர் மட்டும் தனியாகக் கை தட்டினார், அப்சானா அத்தாவின் கையைப் பிடித்து இறக்கினாள். மைக்கில் அதே குரல் அதே சந்தோஷத்தோடு, “மெஹராஜ், முதல் சுற்றிலேயே அவுட்” என்றது. நான் எழுந்து புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர்கள் உண்மையைச் சொன்னார்கள்.